கோமாளி என்ற கோல் காவலர்



காற்பந்தாட்டத்தைக் கண்ணால் காணாமல் காதால் கேட்டே களித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. இங்கிலாந்தில் அந்த வழக்கம் 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் தொடங்கியது. லண்டன் ஹைபரி திடலில் ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் குழுக்கள் மோதிய ஆட்டத்தை பி.பி.சி. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. வருணித்தவர் டெடி வேக்லம். திடலை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்று வானொலி இதழில் முன்னரே அச்சாகியிருந்தது. வேக்லம் வருணிக்க, அருகிலிருந்தவர் கட்டத்தின் எண்ணைச் சொல்வார். நேயர் படத்தில் விரல் வைத்துப் பந்தைத் தொடர்வார். நடப்பதைச் சொல்வதே வருணனையாளரின் வேலை. ஆடுபவரை எடைபோடுவது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

அதற்குப் பெரிய மேடை அமைத்துத் தந்தது தொலைக்காட்சி. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணப் போட்டியின்போது ஐ.டி.வி. நிறுவனம் மால்கம் அலிசன், டெரெக் டூகன், பேடி கிரராண்ட், பாப் மெக்னாப் ஆகிய நால்வரை லண்டனில் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் செய்தது. அவர்கள் மழுப்பாமல் பேசினார்கள், தங்களுக்குள் வாதாடினார்கள். மக்களுக்கு அது பிடித்துப் போயிற்று. பதமாகப் பேசுபவரைவிடச் சூடாகப் பேசுபவரையே நாம் நினைவில் வைக்கிறோம் அல்லவா? அந்த உண்மையைத் தொலைக்காட்சியார் விரைவில் கண்டுகொண்டனர்.

இனி 1973ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாளுக்கு வருவோம். வெம்பிளி திடலில் இங்கிலாந்தும் போலந்தும் சந்தித்தன. வென்றால்தான் இங்கிலாந்து அடுத்த உலகக் கிண்ணப் போட்டிக்குச் செல்ல முடியும். போலந்துக்கோ சமநிலையே போதும். ஐ.டி.வி.யில் கருத்துரைக்க வந்திருந்தவர் பிரையன் கிளஃப். அவர் விவரம் அறியாதவர் அல்லர். 1972இல் டார்பி கவுண்டியை இங்கிலாந்தின் வெற்றிக் குழுவாக்கியவர். பின்னர் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் குழுவுக்கு 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று தந்தவர். அந்த வாரத்தில்தான் அவர் டார்பியை விட்டு விலகியிருந்தார். தொலைக்காட்சியிலும் ஏட்டிலும் அவர் ஓயாமல் பேசியது குழுத் தலைவருக்குப் பிடிக்காததும் அதற்கு ஒரு காரணம்!

போலந்தின் கோல் காவலர் யான் தொமாஷெவ்ஸ்கியை கிளஃப் 'கோமாளி' என்றார். கோலை விட்டு ஓடி வருவதும், பந்தைப் பிடிக்காமல் குத்தித் தள்ளுவதும், காலால் தடுப்பதும் ஆங்கிலேயர் கண்ணுக்கு விந்தையாகத் தெரிந்தன. ஆயினும் நான்கு மாதங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், இதே போலந்து இங்கிலாந்தை 2-0 எனத் தோற்கடித்திருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் போலந்துதான். (மலேசியக் குழுவும் அந்த ஒலிம்பிக்கில் ஆடியதை நேயர்கள் அறிவீர்கள்.) கண்முன் இருந்த இந்தச் சான்றுகளை ஒரு கேலிச்சொல் மறைத்துவிட்டது. கிளஃபின் குற்றம் கடுமையாகப் பேசியது அன்று; பாராமல் பேசியதே என்பது நமது கருத்து.

இங்கிலாந்து ஓயாது தாக்கியது. தொமாஷெவ்ஸ்கி தாறுமாறாகப் பாய்ந்தார், விழுந்தார், ஆனால் தடுத்தார். இடைவேளைவரை கோல் இல்லை. பிற்பாதியில், நடுத்திடலருகே நார்மன் ஹண்டர் பந்தைத் தவறவிட, லாதோ அதைக் கொண்டோடி தொமார்ஸ்கியிடம் தந்தார். அவர் அடித்த பந்து பீட்டர் ஷில்டனின் உடலுக்கடியில் புகுந்து கோலாயிற்று. ஆலன் கிளார்க் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. அதன் பிறகும் கிளஃப் தம் சொல்லை விடவில்லை.

மறுநாள் முதல் ஏச்சு திசை மாறியது. 1966இல் உலகக் கிண்ணம் வென்று தந்த சர் ஆல்ஃப் ராம்சே 1974இல் பதவி நீக்கப்பட்டார். இந்தப் பழக்கம் அத்துடன் நிற்கவில்லை. 1992இல் ஸ்வீடனிடம் தோற்ற பயிற்சியாளர் கிரஹாம் டெய்லரின் முகத்தை ஒரு லண்டன் ஏடு டர்னிப் கிழங்காகவே வரைந்து வெளியிட்டது.

தொமாஷெவ்ஸ்கி 1974இல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றார். அந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஸ்வீடனின் தாப்பர் அடித்த பெனால்டியைத் தடுத்தார். மேற்கு ஜெர்மனியின் ஹோனெஸ் அடித்ததையும் தடுத்தார். போலந்து பிரேசிலை வென்று மூன்றாம் இடம் பெற்றது. இங்கிலாந்து மக்கள் இவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்தனர். அவர்களுடைய குழு அங்கே இல்லை.