முன்னச்சின் விரிசலும் திரும்ப அழைக்கும் கடமையும்: பொன்மலைப் பணிமனையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

திருச்சி ஜி கார்னர் வழியாக இரவு பகல் பாராமல் சரக்கு லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த தன் பெரிய பணிமனையைத் தென்னிந்திய ரயில்வே 1928-இல் இங்கே கொண்டுவந்தது. சாலையில் ஓடுவதும் அச்சுதான், பணிமனைக்குள் வருவதும் அச்சுதான். இரண்டும் பாரம் சுமக்கின்றன, இரண்டும் விரிசல் விடுகின்றன. ரயிலின் அச்சை அதன் ஆயுள் முழுக்கப் பின்தொடர்கிறோம். லாரியின் அச்சை விற்ற சில ஆண்டுகளில் மறந்துவிடுகிறோம்.

கனரக லாரியின் முன்னச்சில் தயாரிப்புக் குறை தெரியவந்தால், விற்ற வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டும். தொழிலில் இதை ‘ரீகால்’ என்பார்கள். அந்த அழைப்பு உரிய வண்டியை எப்படிப் போய்ச் சேரும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வண்டிக்கு இருப்பதுபோல அச்சுக்கும் தனி எண் இருந்து, அந்த எண்ணை ஒருவர் கடைசிவரை கணக்கில் வைத்திருந்தால்தான் சேரும் என்பது என் முடிவு.

2. அச்சு ஏன் முறிகிறது

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில், முதல் இன்ஜினின் முன்னச்சு மெதோன் அருகே முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் பூட்டியிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே மாண்டார்கள். ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிப் படிகமாகிவிடுகிறது என்றுதான் அன்றைய பொறியாளர் பலர் நம்பினார்கள். மறு ஆண்டே ராங்கின் என்ற இளம் பொறியாளர் வேறு விளக்கம் தந்தார். அச்சின் தடிமன் மாறும் மூலையில் மெல்லிய விரிசல் பிறக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்கிறது, மிஞ்சிய இரும்பு ஒருநாள் தாங்காமல் போகிறது என்றார். பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், 1870 வரை நீண்ட தன் சோதனைகளில் இதை எண்களாக்கினார். ஒருமுறை வைத்தால் எளிதாகத் தாங்கும் சுமையே லட்சக்கணக்கான முறை வந்து வந்து போனால் உலோகம் அயர்ந்து முறியும்.

இந்த லட்சம் எவ்வளவு சீக்கிரம் சேர்கிறது என்று பார்க்கலாம். ரயில் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் புதிதில் 915 மில்லிமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதையில் ஏறத்தாழ 336 கிலோமீட்டர். ஒரு பயணத்தில் அச்சு சுமார் 1,17,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் மேற்புறம் ஒருமுறை அழுந்தி ஒருமுறை இழுபடுகிறது.

3. பணிமனை முறை

ரயில்வேயில் விரிசல் வரும்வரை காத்திருப்பதில்லை. குறித்த காலத்தில் சக்கரத்தொகுதி கழன்று பணிமனைக்கு வரும். கழுவித் துடைத்து, அச்சின் முகப்பில் எண்ணெய் தடவி, அதன்மேல் மீயொலிக் கருவியின் முனையை வைத்து மெதுவாக நகர்த்துகிறார் சோதனையாளர். உலோகத்துக்குள் போன ஒலி மறுமுனையில் பட்டுத் திரும்பினால் திரையில் அதற்குரிய இடத்தில் கோடு எழும். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சிறு முள் எழுந்தால் அந்த அச்சைத் தனியே ஒதுக்குவார்கள். சக்கரம் இறுக்கிப் பொருத்திய பகுதிக்கு அடியில்தான் விரிசல் அதிகம் ஒளிந்திருக்கும் என்பதால், கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புவதற்கில்லை.

அதே முகப்பில்தான் உருக்கு வார்ப்பின் எண்ணும் செய்த ஆலையின் குறியும் பொறித்திருக்கும். ஒரு வார்ப்பில் குறை என்று தெரிந்தால், அந்த வார்ப்பில் பிறந்த அச்சுகளை எல்லாம் இந்த எண்ணை வைத்தே தேட முடியும்.

எண் இருந்தால் மட்டும் போதாது, அதை ஒருவர் தொடர்ந்து ஏட்டில் ஏற்ற வேண்டும். இதை ஐரோப்பா கொடிய விலை கொடுத்துத்தான் அறிந்தது. 2009 ஜூன் 29 இரவு இத்தாலியின் வியாரெஜ்ஜோவில் எரிவாயு ஏற்றிவந்த சரக்கு ரயிலின் வேகன் அச்சு ஒன்று அயர்ச்சி விரிசலால் முறிந்தது. கசிந்த வாயு தீப்பற்றி 32 பேர் இறந்தார்கள். அதன்பிறகே, எந்த அச்சு எந்த ஆலையில் பிறந்தது, எங்கெங்கே பழுதுபார்க்கப்பட்டது என்று தொடரும் ஏற்பாட்டை அங்குள்ள ரயில்வே துறையினர் கண்டம் முழுமைக்கும் கொண்டுவந்தார்கள்.

4. லாரியின் முன்னச்சு

லாரியின் முன்னச்சு சுழல்வதில்லை. அது அடித்து உருவாக்கிய உருக்குத் தூலம். அதன் இரு முனைகளிலும் கிங் பின், அதைப் பற்றித் திரும்பும் ஸ்டப் ஆக்ஸில், அதில் சக்கரம். பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சுமை வேறு வேறு திசையிலிருந்து வருகிறது. பின்னச்சு போனால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். முன்னச்சு போனால் ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை. எதிரே வருகிறவரின் உயிரும் அதிலேயே தொங்குகிறது. 2016-இல் வட அமெரிக்காவில் சுமார் 16,000 லாரிகளை ஸ்டியரிங் தண்டுக் குறைக்காக வோல்வோ திரும்ப அழைத்தபோது, சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே கூடாது என்று அறிவித்தது. முன்சக்கரத்தைத் திருப்பும் எந்த உறுப்புக்கும் அந்தக் கண்டிப்பு தகும்.

நம் பட்டறைகளில் வழக்கமான சோதனை, முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை நுழைத்து நெம்பி ஆட்டம் பார்ப்பது. நல்ல கை உள்ள மெக்கானிக்குக் கிங் பின் தேய்மானம் அதில் உடனே பிடிபடும். ஆனால் தேய்மானம் வேறு, விரிசல் வேறு. கிரீஸும் சேறும் மூடிய தூலத்தின் மயிரிழை வெடிப்பு எந்த ஆட்டத்திலும் தெரியாது. மெக்கானிக்கைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் கையில் அதற்கான கருவி இல்லை. அந்த அச்சு குறையுள்ள தொகுப்பைச் சேர்ந்தது என்ற செய்தியும் அவருக்கு வருவதில்லை.

சுமை கூடக்கூட அயர்ச்சி விரைவதால், 2018-இல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

5. சட்டம்

2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், நிறுவனங்கள் தாமாக முன்வந்து அழைக்கும் நெறியை வகுத்தது. கட்டாயம் வந்தது 2019 திருத்தச் சட்டத்தில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. குறை ஓர் உறுப்பில் இருந்தால், அந்த உறுப்பு பொருத்திய எல்லா வண்டிகளையும், வகை எதுவானாலும், அழைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு. முன்னச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது. ஒரே அச்சுத் தயாரிப்பாளர் பல லாரி நிறுவனங்களுக்குச் சரக்குத் தரக்கூடும்.

ஆனால் விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். காருக்கு இது சரியாக இருக்கலாம், லாரிக்குச் சரியில்லை. அயர்ச்சி விரிசல் வயதோடு வளர்வது. பிறவிக் குறை வெளியே தெரியும் வேளையில் வண்டி சட்டத்தின் கைக்கு எட்டாமல் போயிருக்கும்.

6. எண் தொலையும் இடம்

லாரி கைமாறிக்கொண்டே இருக்கும். முதல் முதலாளியின் முகவரிக்குப் போன கடிதம் மூன்றாம் முதலாளியைச் சேராது. அவருக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்காமல் அவரால் வண்டி ஓட்ட முடியாது. எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் அவர் வந்தே தீர வேண்டும். வாகனப் பதிவுக்கான ‘வாகன்’ தரவுத்தளத்தில் சேசிஸ் எண்ணும் இன்றைய உரிமையாளர் பெயரும் இருக்கின்றன. அந்தச் சேசிஸுக்குப் பொருத்திய முன்னச்சின் எண்ணையும் விற்கும்போதே அதில் ஏற்றிவிட்டால், திரும்ப அழைத்த அச்சோடு வரும் வண்டியை எஃப்.சி. கவுண்டரிலேயே நிறுத்தி, நிறுவனத்தின் செலவில் மாற்றித்தரச் சொல்லலாம்.

கழற்றிய அச்சையும் விட்டுவிடக் கூடாது. முழுசாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனால், கழுவிக் கறுப்புப் பெயின்ட் அடித்து வேறொரு லாரிக்கு அடியில் அது ஏறிவிடும். உரிமையாளர் கண்முன்னே கேஸ் கட்டரால் அதை இரண்டாக அறுத்து, அதன் எண்ணுக்கு எதிரே ‘அறுக்கப்பட்டது’ என்று தேதியோடு பதிவதுவரை நிறுவனத்தின் கடமையாக விதியில் எழுத வேண்டும்.