புகைக்குழாய்க்குள் ஒரு தேன்கூடு

பழைய காரை உடைக்கும் பட்டறையில், சைலன்சருக்கு முன்னால் புடைத்திருக்கும் டப்பாவை அறுத்துப் பாருங்கள். உள்ளே தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டி இருக்கும். கண்ணருகே பிடித்தால் மறுபக்க வெளிச்சம் தெரியும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள். காயலான் கடையில் இதற்கு நல்ல விலை கிடைப்பது அதில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காக. பீங்கானை யாரும் மதிப்பதில்லை. அது அநியாயம்.

ஏனென்றால் உலோகத்தின் வித்தை பழையது. காற்றும் எரிவாயுவும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால் சுடரே இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும் என்பதை ஹம்ஃப்ரி டேவி 1817-லேயே கண்டுவிட்டார். வாயுக்கள் எரிந்தன, கம்பி தீரவில்லை. இப்படித் தான் தீராமல் வினையை முடுக்கும் பொருளே வினையூக்கி.

லாஸ் ஏஞ்சல்ஸை மூடிய புகைமூட்டத்துக்குக் கார்ப்புகை காரணம் என்பது 1950-களில் உறுதியானபோது, பிரான்சில் பிறந்த பொறியாளர் யூஜீன் ஊட்ரி நச்சுப்புகையைச் சுத்தம் செய்ய இதே வித்தையைப் புகைக்குழாய்க்குக் கொண்டுவந்தார். 1956-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கார்கள் அதை ஏற்கவில்லை. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்த வினையூக்கி செத்துப்போகும். 1962-இல் ஊட்ரி இறந்தார்.

1970-இல் அமெரிக்கச் சட்டம் கார்ப்புகை நச்சை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு 1975. கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ராட்னி பாக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் மூவரும் வினையூக்கியைத் தாங்கும் பீங்கானுக்காகக் களிமண்ணைப் பிழிய ஆரம்பித்தார்கள்.

பிழிவது என்றால் நம் இடியாப்ப உரலேதான், ஒரே ஒரு வித்தியாசம். பாக்லியின் அச்சில் பின்பக்கத் துளைகள் வழியே வரும் மண், முன்பக்கக் கீறல்களில் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழைகளுக்குப் பதில் சுவர்கள் வெளிவரும், நடுவே வெற்றிடம். தட்டையான களிமண் துகள்கள் அந்த நெருக்கலில் ஒரே திசையில் படிவதால், சுட்டெடுத்த கார்டியரைட் பீங்கான் சூட்டில் மிகக் கொஞ்சமே விரியும். குளிர்ந்த காரைக் கிளப்பிய சில நிமிடங்களில் பல நூறு டிகிரி ஏறினாலும் விரிசல் விடாததன் ரகசியம் இதுதான்.

சுவர்மேல் அலுமினாப் பூச்சு, அதன் சொரசொரப்பில் நானோமீட்டர் அளவில் சிதறிய உலோகத் துகள்கள். உருண்டையாக வைத்தால் உள்ளே இருக்கும் பிளாட்டினம் வீண். சிதறினால் சில கிராம் போதும். இன்று ஆய்வகங்களில் அந்த அலுமினாவையே முடியைவிட மெல்லிய இழைகளாக நூற்றுத் துகள்களைப் பதிக்கிறார்கள்.

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்த டப்பா 1995 ஏப்ரலில் கட்டாயமானது. அந்த நகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போது கூடவே வந்தது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000 பிப்ரவரி ஆயிற்று.