திருக்கழுக்குன்றத்தின் உச்சிவேளைக் கழுகுகள்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ளது திருக்கழுக்குன்றம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை இது காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர். தேவார மூவரும் பாடிய தலம் என்பதால், கழுகைத் தாங்கிய இப்பெயருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது உறுதி. நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் இம்மலைக்கு வந்து சோறு உண்டு போனதால் பட்சி தீர்த்தம் என்றும் இதை அழைத்தார்கள்.

உச்சிவேளை நெருங்கும்போது பூசகர் சர்க்கரைப் பொங்கலும் நெய்யுமாகப் பாறைக்கு வந்து அமர்வார். சற்றுத் தள்ளி கூட்டம் வானத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். இரண்டு வெள்ளைப் பறவைகள் வட்டமிட்டு இறங்கி, பாறையில் நடந்து வந்து, அருகிலேயே நின்று கொத்தித் தின்னும். மிஞ்சியது பக்தர்களுக்குப் பிரசாதம். பறவைகள் வராத நாளில், கூட்டத்தில் பாவி யாரோ இருப்பதாகச் சொன்னார்கள். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகாய் வந்து வழிபடுகிறார்கள், சம்பாதியும் சடாயுவும் அவர்களில் ஒரு இணை என்பது தலபுராணச் செய்தி. காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரம் போவதாகவும் நம்பிக்கை.

17ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்களும் மலையேறினார்கள். ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1977இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இப்பறவைகளைப் பற்றிப் பறவை ஆர்வலர்களுக்கான இதழில் தனிக் கட்டுரையே எழுதினார்.

வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். பிணந்தின்னிக் கழுகுகளில் சிறிய இனம். உடல் அழுக்கு வெள்ளை, இறகோரம் கருப்பு, முகம் மஞ்சள். செத்த கால்நடை, குப்பை, சாணம் என எதையும் தின்னும். பொங்கலுக்கு அவை பழகியதில் வியப்பில்லை. பாறை இடுக்கிலோ பழைய கட்டடத்திலோ கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி ஆறு வாரம் அடைகாக்கும். கூட்டைவிட்டுக் கிளம்பும் குஞ்சு தாயைப் போல இருக்காது. உடல் முழுக்கக் கரும்பழுப்பாக இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு நிறம் வெளுத்து, முழு வெண்மை வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். இந்த வழக்கத்தின் உண்மையான அற்புதம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பறவை நூற்றாண்டுக் கணக்கில் வாழாது. ஒரு சோடி போனால் அடுத்த சோடி அந்தப் பாறைக்கு வரவேண்டும். அதற்குச் சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்திருக்க வேண்டும். சோறூட்டும் காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் ஏறினார்கள். அதைத் தாங்கி நின்றவை யாரும் தேடிப் போகாத கூடுகள்.

1990களின் பிற்பகுதியோடு வருகை நின்றுபோனது. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டங்கூட்டமாக அழிந்துகொண்டிருந்தன. கால்நடைகளுக்குப் போடும் வலிநிவாரணி டைக்குளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மஞ்சள்முகப் பாறுகள் குறைந்ததற்கும் இம்மருந்தே காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. மேல்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் சன் லைஃப் கட்டட விளிம்பில் 1940 முதல் 1952 வரை பொரி வல்லூறுகள் குஞ்சு பொரித்ததை நகரமே அண்ணாந்து பார்த்தது. பின்னர் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி முட்டை ஓட்டை மெலிதாக்கியதில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் வல்லூறு இல்லாமல் போனது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது, கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வெளியே விட்டார்கள், அவை வானளாவிய கட்டடங்களுக்குத் திரும்பின.

இந்தியா கால்நடைக்கான டைக்குளோஃபினாக்கை 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகிய வலிநிவாரணிகளை 2023இலும் தடைசெய்தது. திருக்கழுக்குன்றத்துப் பாறைக்குக் கழுகு இன்னும் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் பாறுகளின் முக்கியமான புகலிடம் இன்று நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்குதான்.