பெயரும் உரையாடலும்: கீழ்க்கரையின் ஒரு நூற்றாண்டு

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்தது காரைதீவு. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி அடுத்தடுத்து வாழும் கரை இது. தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் பொது; கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியாகவே பொறுப்பேற்று வந்தனர். இத்துணை ஒப்புமையிருந்தும் அரசியற் பேச்சு இடறியது ஏன்? விடையின் ஒரு பகுதி கொழும்பிலே கிடக்கின்றது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே எனும் ஆய்வுரையை ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோர் அனைவருக்கும் உறுப்பினராக அவர் அமர்ந்திருந்த காலம் அது. சோனகருக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்திருந்தது. எனவே அவ்வுரையை வெறும் ஆராய்ச்சியாக எவரும் கொள்ளவில்லை. மறு ஆண்டே தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் வெளியிட்டார். வசைமொழி எழுதுவது எளிதாயிருந்திருக்கும். அவரோ வாதத்தை வாதத்தால் எதிர்கொண்டு, மொழி ஒன்றானால் இனமும் ஒன்றாகிவிடாது என்று நாட்ட முயன்றார். இருவர் கூற்றிலும் வரலாற்றுப் பிழைகள் உண்டு. ஆயினும் இராமநாதனின் பெருங்குறை சான்றுகளில் அன்று. எதிரே இருப்பவர் யாரென்பதை அவரைக் கேளாமலே தீர்மானித்ததில்தான் உள்ளது. 1915 கலவரத்தின்பின் அவர் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது இப்புண்ணை ஆழமாக்கிற்று.

1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரைப் பரப்பியது. இனத்தைத் தொடாமல் மொழியால் அழைத்த தொடர் அது; இராமநாதன் மூடிய கதவைச் செல்வநாயகம் ஓரளவு திறந்தார் எனலாம். 1956இல் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியில் வென்றனர். பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றனர். இதனைத் துரோகமென்று பேசியவர் பலர். சிங்களப் பெரும்பான்மை அரசோடு இணங்கி வாழவேண்டிய சிறுபான்மையினுள் சிறுபான்மையின் அச்சத்தை ஆராய்ந்தவர் சிலரே. 1977இல் எம். எச். எம். அஷ்ரப் முதலியோர் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கண்டனர். அதன் முஸ்லிம் வேட்பாளர் எவரும் வெல்லவில்லை.

பிறகு ஆயுதங்கள் பேசின. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2002 ஏப்ரலில் றவூப் ஹக்கீம் கிளிநொச்சி சென்று பிரபாகரனோடு உடன்பாட்டில் ஒப்பமிட்டார். அவ்வாண்டு தொடங்கிய சமாதானப் பேச்சில் முஸ்லிம்கள் தனித்தரப்பாக அமரக் கேட்டனர். இடம் கிட்டவில்லை, ஹக்கீம் அரசாங்கக் குழுவின் உறுப்பினராகவே மேசையில் அமர்ந்தார்.