ஒரு குடும்பமும் மூன்று அழைப்புகளும்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பதினாறு வயதுப் பிள்ளையுள்ள வீடுகளில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் உயர்தரத்துக்கு எத்துறையைத் தெரிவது? விஞ்ஞானமா, கணிதமா, வர்த்தகமா, கலையா? வன்னியின் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதனோடு மற்றொரு வினாவும் சேர்கின்றது: இப்பிள்ளையைப் பற்றிய இறைவன் சித்தம் யாது? பெற்றோர் முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். செபித்து எழும்போது தம் விருப்பத்தையே இறைவன் சித்தமென்று பிள்ளைக்கு எடுத்துரைத்துவிடும் அபாயமும் அங்கேயே இருக்கின்றது.

இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைசெய்யும் குடும்ப வரலாறு ஒன்று வன்னிக்கு வெகு தொலைவில் இல்லை. யானையிறவைக் கடந்து குடாநாட்டினுள் சென்றால், வலிகாமத்துப் பண்டத்தரிப்பிலே அக்குடும்பத்தின் தொண்டு தொடங்கிய இடத்தைக் காணலாம்.

ஜோன் ஸ்கடர் 1793ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தவர். இளமையிலே குருத்துவப் பணியை நாடினார். சட்டத்தரணியான தந்தை அதற்கு இணங்கவில்லை. ஆகவே மருத்துவம் கற்று, 1813இல் பட்டம் பெற்று, நியூ யோர்க் நகரில் நற்பெயர் பெற்ற வைத்தியரானார். ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டிலே, நற்செய்தி எட்டாத கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று அவர் கண்ணிற்பட்டது. 1819இல் மனைவி ஹரியற்றுடன் கப்பலேறினார். 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். போதகரை வாயிலோடு நிறுத்தியிருக்கக்கூடிய வீடுகளும் வைத்தியரை உள்ளே அழைத்தன. தந்தை அடைத்த வழியே மகனுக்கு வேறொரு வழியைத் திறந்தது. அத்தந்தை அதனை எண்ணிச் செய்தவரல்லர்.

பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்த மகனுக்கு ஸ்கடர் தம்பதியர் ஹென்றி மார்ட்டின் என்று பெயரிட்டனர். அது இந்தியாவிலும் பாரசீகத்திலும் தொண்டாற்றி இளவயதில் மறைந்த ஒரு மிஷனரியின் பெயர். தொட்டிலிலேயே பெற்றோரின் ஆசை பிள்ளைமேல் எழுதப்பட்டுவிட்டது. 1836இல் அவர்கள் சென்னைக்குச் சென்றனர். புதல்வர்களுள் எழுவர் பின்னர் தமிழகத்திலே மிஷன் பணி புரிந்தனர். 1853இல் தோன்றிய ஆர்க்காட்டு மிஷன் இச்சகோதரர்களின் முயற்சியே. பெற்றோரின் ஆசை நிறைவேறிய குடும்பம் இது என்று கூறலாம். ஆயினும் இக்குடும்பம் தந்த மிகப் பெருந் தொண்டு அவ்வாசையின் வழியாக வந்ததன்று.

இளைய மகன் இரண்டாம் ஜோன் ஸ்கடரும் வைத்தியரே. அவர் மகள் ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தாள். தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலே கண்ட அவள், மிஷனரி வாழ்வு தனக்கு வேண்டாமென்று உறுதிகொண்டாள். அமெரிக்காவில் கல்வி கற்றாள். 1890இல் தாய் நோயுற்றமையால் திண்டிவனத்துக்கு வந்தாள். தாய் தேறியதும் திரும்பிவிடுவதே அவள் எண்ணம்.

அங்கே ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர்; ஒருவர் முஸ்லிம்; மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையிலே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தேர்ந்த வைத்தியரான தந்தை வீட்டிலேயே இருந்தார். ஆயினும் ஆண் வைத்தியர் தம் மனைவியரைப் பார்ப்பதற்கு அவர்களுடைய வழக்கம் இடந்தரவில்லை. மகளோ மருத்துவம் அறியாதவள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். மருத்துவம் கற்கச் செல்வதாக ஐடா பெற்றோரிடம் கூறினாள்.

அவளைத் திருப்பியது தந்தையின் அறிவுரையன்று; அவரால் இயலாமற்போன ஒன்றே. எனினும் தந்தைக்கு இதிலே பங்கில்லை என்பதற்கில்லை. நள்ளிரவிலே அயலார் அஞ்சாது தட்டக்கூடிய கதவாக அவ்வீட்டின் கதவை வைத்திருந்தவர் அவரே.

1899இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம்பெற்று, 1900இல் ஐடா வேலூர் வந்தார். அவ்வாண்டிலேயே தந்தை காலமானார். பங்களாவின் ஓர் அறையில் தொடங்கிய பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையாகவும் வளர்ந்தது. 1922இல் முதல் அணியின் 14 மாணவியரும் இறுதிப் பரீட்சையில் சித்தியெய்தினர். 1960இல் அவர் மறைந்தபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தியா எங்கும் புகழ்பெற்றிருந்தது.

வேதாகமத்திலே அன்னாள் தன் மகன் சாமுவேலைப் பிறக்குமுன்பே ஆண்டவருக்கு நேர்ந்தாள். ஆயினும் குரல் வந்த இரவிலே அது தாயை அழைக்கவில்லை. பிள்ளையையே பெயர்சொல்லி அழைத்தது. மும்முறை ஓடிவந்த பிள்ளைக்கு, முதிய குரு ஏலி, அழைப்பவர் யாரென்பதை உணர்த்தி, விடை சொல்லும் முறையைக் கற்பித்து, மீண்டும் தனியே அனுப்பினார். விடையைத் தாமே சொல்லிவிடவில்லை. விசுவாசமுள்ள பெற்றோரின் கடமைக்கு இதனினும் நல்ல இலக்கணம் கிடைத்தல் அரிது.

2009இல் போர் முடிந்த வன்னி மண்ணுக்கு வைத்தியர் மட்டுமல்லர். தாதியரும் ஆசிரியரும் வேண்டும், குளமும் வயலும் அறிந்த விவசாய அறிஞரும் கைத்தொழில் வல்லாரும் வேண்டும். எக்கதவு எப்பிள்ளைக்காகத் தட்டப்படும் என்பதைப் பெற்றோர் முன்னறியார். தட்டும் ஒலி கேட்கும் வீட்டிலே பிள்ளையை வளர்த்தலும், அவன் அல்லது அவள் விடைகூறும் நாளில் வழிமறியாது நிற்றலும் அவர்களால் இயலும். செபம் அவர்களுக்கு அளிக்கவேண்டிய பலமும் அதுவே.