கிரைப் வாட்டரும் ஒரு கீரையும்

டில் என்று ஒரு கீரை இருக்கிறது, தெரியுமா என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். சதகுப்பை என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் "அது நாட்டு மருந்துக் கடைச் சரக்காச்சே" என்பார்கள். ஆனால் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் ஒரு சங்கடையாவது உள்ளே போகாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அபூர்வம். மூன்றும் ஒன்றுதான். அந்த பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாசனை, அது டில் விதை எண்ணெயின் வாசனை.

அகராதியைப் புரட்டினால் இதே செடிக்குச் சோயிக்கீரை என்றும் ஒரு பெயர் கிடைக்கிறது. பெயரிலேயே கீரை இருக்கிறது, சட்டியில்தான் இல்லை! ஓசூரைத் தாண்டினால் வாரம் தவறாமல் சமைக்கிறார்கள். இங்கே சென்னையில் கீரைக்காரம்மாவிடம் கேட்டால் "அப்படி ஒரு கீரையா?" என்கிறார். ஒரு கீரை எப்படி மருந்து பாட்டிலுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது என்று தேடப் போனேன். கிளம்பிய இடத்துக்கே, அதாவது சதுப்பு நிலத்துக்கே, கொண்டுவந்து விட்டது.

முதலில் பெயர். வடமொழியில் இதற்குச் சதபுஷ்பா, அதாவது நூறு பூ. குடை மாதிரி விரியும் மஞ்சள் பூங்கொத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கிரேக்கத்தில் அனெதோன். 1753ல் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது அதைத்தான் எடுத்துக்கொண்டு அனெதம் கிரேவியோலென்ஸ் ஆக்கினார். இந்தியச் செடியை ராக்ஸ்பர்க் தனி இனமாகக் கருதி, வடக்கே வழங்கும் 'சோவா' என்ற பெயரையே சேர்த்து அனெதம் சோவா என்றார். இரண்டும் ஒரே இனம்தான் என்பது இப்போது பெரும்பாலானவர்கள் கருத்து. ஆனாலும் எண்ணெயில் வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய விதையில் கார்வோன் தூக்கல், நம்முடையதில் டில்லபியோல் என்ற இன்னொரு பொருளும் கணிசமாக உண்டு.

ஒரு வேடிக்கை பாருங்கள். மத்தேயு சுவிசேஷம் 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர்கள் சின்னச் சின்னச் செடிகளுக்குக்கூட தசமபாகம் கட்டுகிறார்கள் என்று இயேசு கண்டிக்கும் இடம் வருகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அனெதோன். 1611ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைச் சோம்பு ஜாதிச் செடியாக்கிவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது வெந்தயம்! சமையலறையில் இல்லாத செடிக்கு வாசகன் மனதில் பதியும் பெயராக ஒன்றைப் போட வேண்டியிருந்தது போலிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இனி பாட்டில் கதை. இங்கிலாந்தின் கிழக்கே ஃபென்ஸ் என்றொரு பெரிய சதுப்புப் பிரதேசம். அங்கே குளிர் காய்ச்சல் சாதாரணம். மலேரியாதான் அது, அப்போது ஃபென் காய்ச்சல் என்பார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் நம் சிகந்தராபாத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது 1897ல். அதற்கு முன்பெல்லாம் கெட்ட காற்று என்று நினைத்து, கசகசாச் செடியின் காயைக் காய்ச்சிக் குடித்துக் காலம் தள்ளினார்கள். அதே பிரதேசத்தில் குழந்தைகளுக்கு 1840களில் கொடுத்துவந்த ஒரு மருந்தை மாதிரியாக வைத்து, வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் 1851ல் நாட்டிங்ஹாமில் தயாரித்ததுதான் கிரைப் வாட்டர். டில் எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர். கூடவே மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆல்கஹால். காய்ச்சலுக்கென்று வந்தது, வயிற்று உப்புசத்துக்கும் பல் முளைக்கும் நேரத்து அழுகைக்கும் என்று ஆகிவிட்டது. குழந்தை தூங்கியதில் ஆச்சரியம் என்ன?

1876ல் கிரைப் வாட்டர் என்ற பெயரை உட்வர்ட் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்தார். பி.காம். படிப்பவனுக்கு இங்கே கண் விரியாமல் இருக்குமா? பிரிட்டனில் வர்த்தக முத்திரைப் பதிவுச் சட்டம் வந்ததே 1875ல்தான். பதிவேடு திறந்தது 1876 ஜனவரி 1. முதல் முத்திரை ஒரு பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். அதே வருடம் நம் பாட்டிலும் உள்ளே நுழைந்துவிட்டது. லேபிளில் பாம்பை நெரிக்கும் குழந்தையைக் கிருஷ்ணன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அது கிரேக்கக் கதையின் ஹெர்குலிஸ். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில ஓவியரின் படத்திலிருந்து வந்தது. காளிங்கனை நினைத்துக் கும்பிட்டவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சென்னையில் அதை வீடுவீடாகச் சேர்த்தது டி.டி.கே. நிறுவனம். பின்னாளில் நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928ல் விநியோக ஏஜென்சியாகத் தொடங்கியது அது. அந்தத் தொலைக்காட்சி விளம்பரம் நினைவிருக்கும். குழந்தை அழுகிறது, அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று ஒவ்வொருவரும் தன் மகளுக்குக் குழந்தையில் இதையே கொடுத்ததாகச் சொல்வார்கள். மருந்தின் பெருமை பற்றி வேறு பேச்சே கிடையாது. தலைமுறையை ஆதாரமாகக் காட்டி விற்ற இன்னொரு சரக்கை எங்கள் மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை.

அந்த விளம்பரம் எங்கள் வீட்டிலேயே ஓடியது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கரணை வீட்டுக்கு வந்திருந்தாள். இருபதாம் நாள் ராத்திரி குழந்தை வீரிட்டு அழ, பாட்டி "கிரைப் வாட்டர் வாங்கிட்டு வாடா" என்றார். டாக்டரோ ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார் (உலக சுகாதார நிறுவனம் 2001லிருந்து சொல்வதும் அதுவே). "உங்கம்மாவுக்கும் ஊத்தினேன், உனக்கும் ஊத்தினேன், என்ன குறைஞ்சு போயிட்டீங்க?" என்று பாட்டி கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. அக்கா அழுதாள். நான் பாட்டியின் பக்கம் சாய முடியாது. பிரிட்டனில் 1992ல் ஆல்கஹாலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கிரைப் வாட்டர் வயிற்று வலியைப் போக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது. சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் பட்டாலே குழந்தை கொஞ்சம் அடங்கும். ஆனால் பாட்டி விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவரும் இல்லை. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்த கைதான் பாட்டிலையும் பிடித்தது. வசம்பும் சதுப்பில் வளரும் செடி. அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர்.

விஷயத்தைத் தீர்த்தவர் அக்காவின் மாமியார். ஓசூர்க்காரர். பார்க்க வந்தபோது ஈரத்துணியில் சுற்றி இரண்டு கட்டு கீரை கொண்டுவந்தார். சப்பசிகே சொப்பு. "குழந்தைக்கு எதுக்கு? பெத்தவளுக்குப் போடுங்க" என்றார். கன்னடப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு இது பத்தியக் கீரை. பாட்டி ஒரு தழையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, "இது கிரைப் வாட்டர்ல்ல!" என்றார். நம் பிரசவ லேகியத்திலும் சதகுப்பை சேர்கிறது, அவருக்கும் அது தெரியும். விதையாகத் தெரியும், இலையாகத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சமைப்பது சுலபம். முற்றிய தண்டைத் தள்ளிவிட வேண்டும். பாசிப்பருப்பு, பூண்டு, பச்சைமிளகாய் வேகவைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் நறுக்கிய கீரையைப் போட்டு இறக்கினால் கூட்டு. வாசனை பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி சிறுகீரை சேர்க்கலாம். அரிசி மாவில் வெங்காயம், தேங்காய்த் துருவல், சீரகத்தோடு கைநிறையப் போட்டு வெந்நீரில் பிசைந்து தட்டினால் அக்கி ரொட்டி. மாமியார் சொன்னது: பனிக்காலத்தில் மொச்சை வரும்போது இரண்டையும் சேர்த்துக் குழம்பு வைத்தால்தான் கீரைக்கே மரியாதை. மகாராஷ்டிரத்தில் இதே கீரை ஷேப்பு. ஹைதராபாத்தில் கைமாவோடுகூடப் போடுகிறார்கள்.

மருந்துக் கடைச் சதகுப்பையையே மொட்டைமாடித் தொட்டியில் தூவினேன். பாதி முளைத்தது, அதுவே அதிகம். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால் பிடுங்கி நடக்கூடாது, தூவிய இடத்திலேயே விட வேண்டும். வெயில் ஏறினால் இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும். ஆகவே சென்னைக்கு மழை ஓய்ந்த மார்கழி, தை. தண்ணீர் தேங்கினால் அழுகும். இதைப் பள்ளிக்கரணையில் உட்கார்ந்து எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

ஃபென்ஸ் சதுப்பை டச்சு எஞ்சினியர் வெர்முய்டன் 17ஆம் நூற்றாண்டிலேயே வடிக்க ஆரம்பித்தார். நீராவிப் பம்பு வந்ததும் மிச்சமும் வடிந்தது. உட்வர்ட் மருந்து செய்த அதே 1851ல், ஹோம் ஃபென் என்ற இடத்தில், மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பத்தைத் தரைமட்டத்துக்கு அடித்து இறக்கினார்கள். இன்று அது தரைக்கு மேலே நான்கு மீட்டர் நிற்கிறது. கம்பம் வளரவில்லை, நிலம் இறங்கிவிட்டது. நம் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் என்பார்கள். 2022ல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். என் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் கோரைப்புல், மறுபக்கம் பெருங்குடி குப்பைமேடு. இந்த வருடம் பூக்கவிட்டு விதை எடுக்கப்போகிறேன். கீரைக்காரம்மா ஒரு பிடி கேட்டிருக்கிறார்.