அமாங் என்னும் கரிய மணல்

1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லாவின் ஏற்பாட்டில் கிள்ளான் ஆற்றின் வழியே மேல்நோக்கிச் சென்று, அம்பாங் காட்டில் வெள்ளீயம் தேடிய 87 சீனத் தொழிலாளருள் பெரும்பாலோர் மலேரியாவுக்கு இரையாயினர் என்பதும், அந்த முயற்சியிலிருந்தே கோலாலம்பூர் எழுந்தது என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சரித்திரம். ஆனால் ஈய லம்பங்களில் தாதுவை அலசி எடுத்தபின் மிஞ்சிய, அமாங் எனப்படும் கரிய, கனத்த மணலின் சரித்திரத்தை நம்மவர் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அமாங்கில் இல்மனைட், சிர்கான் முதலியவற்றோடு மோனசைட்டும் கலந்துள்ளது. மோனசைட்டினுள் தோரியம் உறைகிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைத் துப்பாகக் கொண்டு மணவாளக்குறிச்சிக் கரையில் கண்டறிந்ததும் இதே கனிமந்தான். மின்சாரம் எட்டாத பால்மரத் தோட்டங்களில், திருவிழா இரவைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில், தோரியம் ஆக்சைடால் ஆனது.

மேண்டில் வியாபாரத்தின் பொருட்டு தோரியம் மலிந்திருந்த காலத்தில், மான்ட்ரியல் நகரில் ரதர்போர்டு அதினின்று எழும் ஆவியைச் சோதித்து, அதன் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் பாதியாகவும், மறு நிமிஷத்தில் பாதியின் பாதியாகவும் குறைவதை 1900-இல் வெளியிட்டார். அரை ஆயுள் என்னும் கருத்து பிறந்தது அங்கேதான். ஆவிக்கு ஒரு நிமிஷமெனில், தாய்ப்பொருளாகிய தோரியத்துக்கோ 1,400 கோடி ஆண்டு! அது ஆல்ஃபா, பீட்டாக் கதிர்களை உமிழ்ந்து, படிப்படியாக உருமாறி, இறுதியில் காரீயமாகிச் சாந்தி கொள்கிறது. வெள்ளீயம் தேடியவர்கள் ஒதுக்கிய மணலில் காரீயம் பிறந்துகொண்டிருந்தது என்பதை நினைக்குந்தோறும் என் மனம் வியப்பில் ஆழ்கிறது.

கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில், துன் இஸ்மாயிலின் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்தின் 1 மெகாவாட் அணு உலை 1982 ஜூன் 28-இல் இயங்கத் தொடங்கிற்று. சுமார் ஐந்தேகால் ஆண்டு அரை ஆயுள் கொண்ட கோபால்ட்-60-இன் காமாக் கதிரால் மருத்துவச் சாதனங்களைக் கிருமியறச் செய்யும் பணியும், நம் முன்னோர் விடியலில் வெட்டிச் சேர்த்த அதே ரப்பர்ப் பாலைக் கதிரால் பதப்படுத்தும் ஆராய்ச்சியும் பின்னர் அங்கே நடந்தன.

அந்த 87 பேர் அம்பாங்கில் மண்வெட்டியை ஊன்றிய நாள்முதல் இன்றுவரை, அவ்விடத்து மணலில் இருந்த தோரியத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூடச் சிதையவில்லை.